ஆறாம் மாதத்தில் வலி மாத்திரை: எதைப் போடலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: எனக்கு இது 26-வது வாரம். இடுப்புவலி தாங்காமல், கணவர் மெடிக்கலில் வாங்கி வந்த காம்பிஃப்ளாம் மாத்திரையை இரண்டு வேளை போட்டுவிட்டேன். பிறகுதான் பயம் வந்தது. பாராசிட்டமால் போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று டிவியில் பார்த்துவிட்டு, மாமியார் அதையும் போட விடுவதில்லை. வலித்தால் நான் என்னதான் செய்வது?

பதில்: இரண்டு வேளையோடு நிறுத்திவிட்டீர்கள், பதற வேண்டாம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், போதும்.

காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கின்றன. சிக்கல் ஐபுப்ரோஃபெனால்தான். இந்த மாதங்களில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். ஐபுப்ரோஃபென், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், மெஃபனமிக் அமிலம் போன்றவை குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். சிறுநீர் குறையும், பனிக்குட நீரும் குறையும். அதனால்தான் 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. 30 வாரம் நெருங்க நெருங்க இன்னொரு ஆபத்தும் சேரும்: பிறந்த பிறகு மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் வயிற்றிலேயே சுருங்கத் தொடங்கலாம்.

அட்டையின் முன்பக்கப் பெயரை நம்பாதீர்கள். பெயருக்குப் பின்னால் 'பி' என்று இருந்தால் வெறும் பாராசிட்டமால் என்று பலர் நினைக்கிறார்கள். பல மாத்திரைகளில் கூடவே அசிக்ளோபினாக் இருக்கும். மாதவிடாய் வலிக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கும் மாத்திரையில் மெஃபனமிக் அமிலம் இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டே போடுங்கள். ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க டாக்டர் எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் வேறு விஷயம்; அதை நீங்களாக நிறுத்தக்கூடாது.

மாமியாரின் அச்சம் 2025-ல் அமெரிக்க அரசு சொன்னதிலிருந்து பரவியது. ஆனால் ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது பாராசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. கல்லீரல் கோளாறு ஏதும் இல்லையென்றால், வலிக்கும்போது பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்று போடலாம். ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலின்போது பயந்துகொண்டு போடாமல் இருப்பதுதான் தவறு, காய்ச்சலே குழந்தைக்குக் கெடுதல்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். பாதி வலி இதிலேயே அடங்கும்.

ஆனால் வலி விட்டு விட்டு வந்து வயிறு இறுகினாலோ, குளிர்காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ மாத்திரை தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடாத தலைவலியோடு கண் மங்கினாலும் அப்படியே. அன்றே பிரஷர் பார்க்க வேண்டும், 140/90-ஐத் தொட்டிருந்தால் வீட்டில் இருக்கக்கூடாது.