நோட்டீஸ் அனுப்பும் முன் அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

கேள்வி: என் பேய் நாவலுக்கு அட்டை வரைய ஒரு ஓவியரும் நானும் மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்தோம். கிணற்றடியில் முதுகு காட்டி நிற்கும் பெண், கிணற்றுக்குள் இறங்கும் கூந்தல், எல்லாம் நான் வாயால் சொல்லச் சொல்ல அவர் வரைந்தது. பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டேன். ‘இந்த ஓவியத்தை நாவலின் அட்டையாகப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்’ என்று 2019 பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாவல் நன்றாகப் போகிறது, போன வருடமும் மறுபதிப்பு வந்தது. இப்போது அவர் அதே படத்தை போஸ்டராக விற்கிறார், புத்தகம் விற்றதே தன் படத்தால்தான் என்று எல்லோரிடமும் சொல்கிறார். மொழிபெயர்ப்பை வெளிநாட்டில் வெளியிடும் பதிப்பகம் அதே அட்டையைக் கேட்கிறது. அவர் மீது போலீஸில் புகார் கொடுக்கலாமா? இல்லை, வேறொருவரை வைத்துப் படத்தைக் கொஞ்சம் மாற்றி வரைந்துகொள்ளலாமா?

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம், மேலே சுருக்கியிருக்கிறேன். மூன்று மாத உழைப்பு, முறிந்துபோன நட்பு, உங்கள் பெயரைச் சொல்லாமல் அவர் பேசித் திரிவது, இதில் எதற்கும் நீதிமன்றத்தில் வேலை இல்லை. வலிக்கும், தெரிகிறது. ஆனாலும் ஓரமாக வையுங்கள். போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த 2019 கடிதம், அதுதான் மொத்த வழக்கும்.

அதில் எத்தனை வருடத்துக்கு என்று இருக்கிறதா? எந்த நாடுகளுக்கு என்று இருக்கிறதா? நீங்கள் காட்டியதுதான் முழு வாசகம் என்றால் இரண்டுமே இல்லை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் எழுதாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 30ஏ பிரிவு இதையே உரிமத்துக்கும், அதாவது உரிமையை விற்காமல் பயன்படுத்த மட்டும் கொடுக்கும் அனுமதிக்கும், பொருத்துகிறது. ஆக உங்கள் அனுமதி 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. போன வருட மறுபதிப்பு அனுமதி இல்லாமல் அச்சானது. வெளிநாட்டுப் பதிப்புக்கோ உங்களிடம் அனுமதி என்று ஒன்று இருந்ததே இல்லை. நீங்கள் அவர் மேல் புகார் கொடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள், ஆனால் இன்றைய தேதியில் மாட்டக்கூடிய இடத்தில் நிற்பது நீங்கள்.

‘யோசனை என்னுடையது’ என்பதைப் பத்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கூட்டுப் படைப்பு என்று வாதாடவும் வழி குறைவு, ஏனென்றால் சட்டம் கேட்பது இருவர் பங்கும் பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்திருக்க வேண்டும் என்பதை. நீங்கள் சொன்னீர்கள், அவர் வரைந்தார். கோடு அத்தனையும் அவருடையது. நீங்களே கைப்பட வரைந்து கொடுத்த ஸ்கெட்ச் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை.

பணம் கொடுத்ததால் படம் என்னுடையது என்ற வாதத்தில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது. 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பணம் கொடுத்து வரையச் சொன்ன ‘பெயின்டிங்’ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். இதைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில், சட்டம் பெயின்டிங்கையும் டிராயிங்கையும் தனித்தனியாகச் சொல்கிறது, அந்த விதிவிலக்கில் டிராயிங் என்ற சொல் இல்லை. கணினியில் வரைந்த அட்டைப்படம் இதில் எது என்று எதிர்த்தரப்பு வருடக்கணக்கில் வாதாடும். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கடிதமேதான். ‘அனுமதிக்கிறேன்’ என்று அவர் எழுதினார், நீங்கள் மறுபேச்சு பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். படம் உங்களுடையது என்றால் அவரிடம் எதற்கு அனுமதி வாங்கினீர்கள் என்று நீதிபதி கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘வேறு ஒப்பந்தம்’ இருந்ததற்கு அந்தக் காகிதத்தையே சாட்சியாக வைப்பார்கள்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிலையில் இருப்பவர்கள் கோபத்தில் முதலில் செய்வது வக்கீல் நோட்டீஸ். போஸ்டரை நிறுத்து, இத்தனை நஷ்டஈடு கொடு என்று. அதைக் கையில் வாங்கியதும் அவர் ஒரு வக்கீலிடம் போவார், அந்த வக்கீல் கேட்கும் முதல் கேள்வி ‘எழுத்தில் என்ன கொடுத்தீர்கள்?’ அந்தக் கடிதத்தின் நகலைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் 19-ஆம் பிரிவு மேசைக்கு வந்துவிடும். அப்புறம் வருவது எதிர்வழக்கு, விற்பனைக்கு இடைக்காலத் தடை, 2024-க்குப் பிறகு விற்ற பிரதிகளுக்குக் கணக்கு. தன் போஸ்டரை விற்பதோடு திருப்தியாக இருந்த ஒருவரை நீங்களே வழக்குப் போட வைத்திருப்பீர்கள்.

போலீஸ் இன்னும் மோசம். 63-ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை உண்டு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் கேட்டதும் கிடைக்கிற குற்றமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. இதை அவர் மேல் ஏவலாம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் தான் வரைந்த படத்தை விற்கிறவர் மேல் இது நிற்காது, காலம் முடிந்த அனுமதியை வைத்து அச்சடித்தவர் மேல் திரும்பும். அடுத்த பிரிவு, சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் உள்ளவரே பிரதிகளைக் கைப்பற்ற இடம் கொடுக்கிறது. இதற்கு ‘தெரிந்தே’ செய்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். இதுவரை உங்களுக்குத் தெரியாது. இந்தப் பதிலைப் படித்த பிறகு அடுத்த மறுபதிப்பை அதே அட்டையோடு அச்சுக்கு அனுப்பினால் அப்படிச் சொல்ல முடியாது, அதனால் அச்சகத்துக்கு இன்றே போன் போட்டு நிறுத்துங்கள்.

படத்தை மாற்றி வரைவது பற்றி. செய்யாதீர்கள். இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, சட்டத்தில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. முகத்தைத் திருப்பி, நிறத்தை மாற்றி, ஏஐ செயலியில் போட்டு எடுத்தாலும், பார்க்கிறவர் கண்ணுக்கு அதே கிணறும் அதே கூந்தலும் அதே அமைப்புமாகத் தெரிந்தால் அது நகல்தான். கூடவே 57-ஆம் பிரிவு இருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் ஓவியரிடமே தங்கிவிடுகிற உரிமை அது, தன் பெயரைக் கேட்கவும் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும். டெல்லியில் அரசின் விஞ்ஞான் பவன் அரங்கில் இருந்து பெயர்த்தெடுத்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசாங்கத்தையே எதிர்த்து நின்றார், டெல்லி உயர் நீதிமன்றம் 2005-ல் சிற்பத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. மூலையில் இருக்கும் கையெழுத்தை அழித்துவிட்டுப் படத்தைத் திருத்தினால், இதற்கு நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் ஆட்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். மொழிபெயர்ப்புப் பதிப்பகம் அனுப்பிய ஒப்பந்தத்தில் உத்தரவாதம் என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். தரும் உள்ளடக்கம் எதிலும் பிறர் உரிமை இல்லை, வழக்கு வந்தால் செலவு ஆசிரியருடையது என்று அநேகமாக இருக்கும். அட்டையையும் நீங்களே கொடுத்தால் அந்த வரி அட்டையையும் சேர்த்துப் பிடிக்கும். என்னிடம் வந்த ஒரு எழுத்தாளர் இப்படித்தான் கையெழுத்துப் போட்டார். அட்டை தகராறு ஆனதும் பதிப்பகம் புத்தகத்தை நிறுத்தியது, ராயல்டியைப் பிடித்து வைத்தது, தன் வக்கீல் செலவையும் அவரிடமே கேட்டது. ஓவியரோடு நடந்த சண்டையைவிட அதில் இழந்தது அதிகம். அவர் கதையில் ஒரு வரிகூடப் பிரச்சினை இல்லை, எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

அதனால் நேராகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். நோட்டீஸ் வேண்டாம், இருவருக்கும் பொதுவான ஒருவரை வைத்துப் பேசுங்கள். போஸ்டரை அவர் விற்கட்டும். நாவலின் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் போஸ்டரில் போடுகிறாரா என்று பாருங்கள், அந்தப் பெயர்களில் உங்களுக்குப் பெரிய சட்ட பலம் இல்லை, பேரத்தில் வைக்க மட்டும் உதவும். கூடுதலாக ஒரு தொகை கொடுங்கள். முன்பே முழுதாகக் கொடுத்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் அது ஐந்து வருடத்துக்கான பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தில் அவர் பெயரைத் தெளிவாகப் போடுவதாக நீங்களே முதலில் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே பாதி இளகிவிடும்.

சமரசத்தை எழுதும் பத்திரத்தில் எந்தப் படம், எந்தெந்த வடிவம் (அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்புகள், விளம்பரம்), உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், எவ்வளவு தொகை என்று எழுத்தில் வர வேண்டும், அவர் கையெழுத்தோடு. உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது அவரிடமே திரும்பிவிடும் என்று 19-ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு, அது பொருந்தாது என்றும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் இன்னும் தொடங்காத ஒலிநூல் கையை விட்டுப் போகும். 2024-க்குப் பிறகு விற்ற பிரதிகளுக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி கட்டாயம். பலர் இதைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். கேட்டால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடுமே என்பார்கள். தெரியட்டும், மறைத்து வாங்கிய கையெழுத்தை நாளைக்கு அவரே ஏமாற்றி வாங்கியது என்று உடைக்கப் பார்ப்பார்.

அதுவரை அவருக்கு எந்தச் செய்தியும் அனுப்பாதீர்கள், பழைய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். மொழிபெயர்ப்புப் பதிப்பகத்துக்கு, அட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கதைக்கான ஒப்பந்தத்தை மட்டும் தனியாகப் போடலாமா என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்களே புது அட்டை வரைந்துகொள்ளட்டும்.