கிரேக்க நிலமும் கதையும் – கடிதம்

வணக்கம். என் மகன் 'அஸாஸின்ஸ் க்ரீட் ஒடிஸி' என்ற கணினி விளையாட்டைக் காட்டினான். சண்டைகளைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு அதில் ஏதென்ஸையும் தீவுகளையும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர், "தொன்மங்களை அறிய இதுவா வழி? புத்தகம் படியுங்கள்" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் சுற்றுங்கள். அதைத் தயாரித்த யூபிசாஃப்ட் நிறுவனமே 2019இல் சண்டை இல்லாத 'டிஸ்கவரி டூர்' என்ற பகுதியை, வரலாற்று விளக்கங்களோடு வெளியிட்டது. மகனிடம் சொல்லி அதையும் திறந்துகொள்ளுங்கள்.

நண்பரின் கவலை கதையைப் பொறுத்தவரை நியாயமானது. ஏதோ ஒரு முந்தைய நாகரிகத்தின் கருவிகள்தான் மனிதர்களைப் பாம்புக் கூந்தல் மெடூசாவாகவும் காளைத்தலை மினோட்டாராகவும் மாற்றின என்கிறது விளையாட்டு. தொன்மத்தை இப்படி இயந்திரமாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கதையைவிட அதன் நிலம் பெரியது.

விளையாட்டில், அப்பல்லோ தெய்வத்தின் குறிசொல்லும் தலமான டெல்ஃபிக்குக் கடற்கரையிலிருந்து ஏறிப் பாருங்கள். கீழே ஒலிவ மரங்கள், மேலே பர்னாஸஸ் மலையின் செங்குத்தான பாறைகள், நடுச்சரிவில் அப்பல்லோ கோயில். ஹோமரின் பெயரால் வழங்கும் அப்பல்லோ துதிப்பாடலில், டால்ஃபின் வடிவில் வந்த அப்பல்லோ கிரீட் தீவின் மாலுமிகளை இந்தச் சரிவுக்கு அழைத்து வந்து, என் கோயில் பூசாரிகளாக இருங்கள் என்கிறான். அவர்களோ கவலையோடு, இங்கே திராட்சையும் விளையாது, மேய்ச்சலும் இல்லை, எப்படிப் பிழைப்பது என்று கேட்கிறார்கள். அப்பல்லோ சிரிக்கிறான். ஆளுக்கொரு கத்தியை வலக்கையில் வைத்துக்கொண்டு ஆடுகளை வெட்டிக்கொண்டே இருந்தாலும் தீராது, அத்தனை ஆடுகளை மக்கள் கொண்டுவருவார்கள் என்கிறான். அந்த வறண்ட பாறைச் சரிவில் ஏறிய பிறகுதான் மாலுமிகளின் பயம் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் அந்த வரிகளை வேகமாகக் கடந்து போயிருந்தேன்.

மெடூசா விஷயம் வேறு. பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் அவளைத் தூர மேற்கே, உலகைச் சுற்றி ஓடும் ஓக்கியானோஸ் ஆற்றுக்கு அப்பால், இரவின் விளிம்பில் வைக்கிறார். விளையாட்டோ லெஸ்போஸ் தீவில் வைக்கிறது. அந்தத் தீவின் மேற்குப் பகுதியில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான மரங்கள் இன்றும் நிற்கின்றன. பார்வையால் கல்லாக்குபவளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? பழைய நூல்களின் ஆதாரம் இதற்கு இல்லை. ஆனால் தலபுராணங்கள் இப்படித்தானே பிறக்கின்றன; விசித்திரமான ஒரு பாறை இருந்தால் அதற்கு ஒரு கதை வந்து சேர்ந்துவிடுகிறது.

தூரங்களை மட்டும் நம்பாதீர்கள். ஏதென்ஸிலிருந்து டெல்ஃபிக்குச் சாலை வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல்; விளையாட்டில் குதிரை சில நிமிடங்களில் சேர்த்துவிடும். சிலைகளிலும் கோயில்களிலும் தெரியும் வண்ணப்பூச்சை நம்பலாம். அருங்காட்சியகங்களில் நாம் பார்த்துப் பழகிய வெள்ளைப் பளிங்கு, காலம் சாயத்தை அழித்த பிறகு மிஞ்சியது.

'எக்ஸ்ப்ளொரேஷன்' முறையில் ஆடுங்கள். போகவேண்டிய இடத்தைக் குறியிட்டுக் காட்டாமல் திசையையும் அடையாளங்களையும் மட்டும் சொல்லும். மலையையும் ஆற்றையும் பார்த்து நீங்களே வழி கண்டுபிடிக்க வேண்டும். கூடவே பௌசானியஸைப் படியுங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றி, ஒவ்வொரு ஊரிலும் கோயிலையும் அங்கே வழங்கிய கதையையும் எழுதி வைத்தவர். டெல்ஃபி அவருடைய பத்தாம் புத்தகத்தில் வருகிறது. உங்கள் நண்பருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

அன்புடன்.