லினக்ஸே தெரியாதவருக்கு முதலில் எந்த ஓஎஸ் போட்டுக் கொடுக்கலாம்?

லினக்ஸ் மின்ட். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் ஓஎஸ்தான் லினக்ஸ்; அதில் ஒரு வகை மின்ட். பழைய கம்ப்யூட்டர் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் போட்டுக் கொடுத்துவிட்டு முழி பிதுங்கியவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

சித்தப்பாவுக்குப் பாலக்கோட்டில் தக்காளி மண்டி. தங்கச்சி பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப்தான் மண்டிக் கணக்குக்கு. 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 11க்குப் போகலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ப்ராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். இதில் அதெல்லாம் இல்லை. "புதுசு வாங்கணுமாடா?" என்றார்.

நான் எடுத்தவுடன் எதையும் அழிக்கவில்லை. தருமபுரியில் இருந்தே ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றிக்கொண்டு போய், அதிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம். அவர் எதையும் தேடித் தவிக்கவில்லை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸும் நல்லதுதான், மின்ட்டே அதன் மேல் கட்டியதுதான். ஆனால் விண்டோஸில் பழகிய கைக்கு உபுண்டுவின் திரை அமைப்பு புதிது. வைஃபை, ஸ்பீக்கர், பிரின்டர் மூன்றையும் பென்டிரைவில் ஓடும்போதே சோதித்துவிடுங்கள்.

எல்லாம் சரியென்று மின்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். நான் கோட்டை விட்டது தமிழில். அவருடைய பழைய கடிதங்களைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக வந்தது. அவை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய, அச்சகங்களில் பயன்பட்ட டிடிபி எழுத்துருவில் அடித்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். விண்டோஸில் இருந்த அந்த ஃபான்ட் கோப்பை எடுத்து இதில் நிறுவியதும் படிக்க முடிந்தது. அடுத்தது தட்டச்சு. மனிதர் அந்தக் காலத்துத் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ். தமிழ்99 விசைப்பலகை கையில் ஏறாது, 'ammaa' என்று ஆங்கில எழுத்தில் அடித்து 'அம்மா' வரவைப்பதும் பிடிக்காது. லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸோடு (IBus) எம்17என் (m17n) என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் டைப்ரைட்டர் முறையும் கிடைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஞாயிறு போய்விட்டது. ஆகவே 'எந்த ஓஎஸ்' என்பதற்கு முன் 'எப்படித் தட்டச்சு செய்வீர்கள்' என்று கேளுங்கள்.

இன்னொன்று. டேலி மென்பொருளில் கணக்கு எழுதுபவர், ஃபோட்டோஷாப்பே சோறு போடும் ஸ்டூடியோக்காரர், கைரேகைக் கருவியை நம்பி சேவை மையம் நடத்துபவர் இவர்களிடம் போய் லினக்ஸ் பெருமை பேசாதீர்கள். அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். சித்தப்பாவுக்கு ஒரு எக்செல் தாளும் யூடியூபும்தான். எக்செல் தாளைத் திறக்கும் லிப்ரே ஆபிஸ் போதும்.

இந்த லேப்டாப்பில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தங்கச்சி ஒருநாளும் திறந்து பார்த்ததில்லையாம்!

மின்ட்டைப் போட்டு முடித்த அன்றைக்கே அதில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற செயலியை இயக்கி வையுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் சிஸ்டம் பழைய நிலைக்குத் திரும்பும். போட்டோ, கணக்கு போன்ற சொந்தக் கோப்புகளை அது காப்பாற்றாது. அதற்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும். போன மாதம் ஒரு அப்டேட் சொதப்பியபோது சித்தப்பாவே போனில் கேட்டுக் கேட்டுத் திருப்பிவிட்டார். நான் பாலக்கோடு பஸ் ஏறவில்லை.