சுற்றுப்பாதையில் ஒரு நோயாளி: கேள்வி பதில்

முகிலன்: 2026 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவருக்குத்தான் உடல்நலம் கெட்டது, அவருடைய குழுவினர் நால்வரும் ஏன் பூமிக்குத் திரும்பினார்கள்?

பதில்: நிலையத்தில் தங்கியிருப்பவர்களுக்கு அவர்கள் வந்த கலமே உயிர்காப்புப் படகு. நோயாளியை ஏற்றிக்கொண்டு அது போய்விட்டால், தீயோ காற்றுக்கசிவோ நேரும்போது உடன் வந்தவர்களுக்குத் தப்பிக்க வழியிருக்காது. ஆகவே க்ரூ-11 என்ற அந்தக் குழுவினர் நால்வரும் தாங்கள் வந்த டிராகன் கலத்தில் ஒன்றாகவே புறப்பட்டு, ஜனவரி 15 அன்று கலிஃபோர்னியாவுக்கு அப்பால் பசிபிக் கடலில் இறங்கினார்கள். மருத்துவக் காரணத்துக்காக சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு குழு முன்கூட்டியே திரும்பியது அதுவே முதல் முறை.

செல்வி: நோயாளியின் நிலை சீராக இருப்பதாக நாசா அறிவித்ததே, பிறகு என்ன அவசரம்?

பதில்: அவசரம் என்பதைவிட, நோயை உறுதிசெய்ய இயலாத நிலை என்பதே பொருந்தும். மேலே அல்ட்ராசவுண்ட் கருவி உண்டு, சி.டி., எம்.ஆர்.ஐ. கிடையாது.

ஜெயந்தி: எந்த நோயானாலும் உடனே கீழே கொண்டுவந்துவிடுவதுதானே பாதுகாப்பு?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ரஷ்யாவின் சோயுஸ் கலம் நிலையத்தைவிட்டுப் பிரிந்தபின் சுமார் மூன்றரை மணி நேரத்தில் தரையிறங்கிவிடும் என்றாலும், எடையின்மைக்குப் பழகிவிட்ட உடல் அந்த இறக்கத்தில் வழக்கமாகவே நான்கு மடங்கு ஈர்ப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. 2008 ஏப்ரலில் கலம் திட்டமிட்ட பாதையிலிருந்து விலகிச் செங்குத்தாக இறங்கியபோது அது எட்டு மடங்கைத் தாண்டியது. உள்ளே இரத்தம் கசியும் நோயாளிக்கு அந்தப் பயணமே ஆபத்தாகலாம். என் கருத்தில், மேலேயே சமாளிக்க முடியுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு நல்ல சான்று, 2020இல் மருத்துவ இதழில் வெளியான ஒரு நிகழ்வு. பயணத்தின் இரண்டாம் மாதத்தில், ஆய்வுக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில், பெயர் வெளியிடப்படாத ஒரு வீரரின் கழுத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரியவந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும், நிலையத்தில் கொஞ்சமே இருந்த எனாக்ஸாபாரின் ஊசிமருந்தை அளந்து அளந்து செலுத்தினார்கள்; எடையின்மையில் மருந்து குப்பியின் அடியில் தங்காது என்பதால் அதை ஊசியில் ஏற்றுவதே பெரும்பாடு. பின்னர் சரக்குக் கலத்தில் அதே வேலையைச் செய்யும் அபிக்ஸாபன் மாத்திரை வந்துசேர்ந்தது. பூமிக்குத் திரும்ப நான்கு நாள் இருக்கையில் அதையும் நிறுத்தினார்கள். இறக்கத்தில் அடிபட்டால் இரத்தம் நிற்க வேண்டுமல்லவா!

இக்பால்: சோவியத் காலத்தில் இப்படி யாரும் திரும்பியதுண்டா?

பதில்: உண்டு. 1985 நவம்பரில் விண்வெளி வீரர் வாஸ்யூத்தினின் காய்ச்சல் தணியாததால் சல்யூத்-7 நிலையத்தின் மூவரும் பல மாதங்கள் முன்னதாகவே இறங்கினார்கள். 1987இல் மீர் நிலையத்தில் லவேய்கினின் இதயத்துடிப்பில் மருத்துவர்கள் ஐயம் கொண்டபோது, ஏற்கெனவே திட்டமிட்டிருந்த வருகைக் குழுவில் அலெக்சாந்திரோவ் அவருக்கு மாற்றாகச் சென்றதால், அவர் மட்டும் திரும்ப முடிந்தது. பின்னர் அவர் உடல்தகுதி உடையவரென அறிவிக்கப்பட்டார்.

தர்ஷினி: அங்கே மாரடைப்பு வந்தால் மார்பை எப்படி அழுத்துவார்கள்?

பதில்: அழுத்துபவரே பின்னோக்கித் தள்ளப்படுவார் என்பதால், நோயாளியைப் பலகையில் வாரால் கட்டி, தம் கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றிக் கைகளால் அழுத்துவார். மின் அதிர்ச்சி தரும் கருவியும் உண்டு.

முகிலன்: செவ்வாய்ப் பயணத்தில்?

பதில்: நிலவிலிருந்தென்றால் சுமார் மூன்று நாளில் திரும்பலாம். செவ்வாய்க்குப் போகும் வழியில் திரும்பிவர மாதங்கள் ஆகும். தொலைவு மிகும்போது மருத்துவரிடம் கேட்ட கேள்விக்கு விடை வரவே நாற்பது நிமிடங்களுக்கு மேலாகிவிடும் என்பதால், குழுவிலேயே ஒரு மருத்துவர் இருந்தாக வேண்டும்.