நாமே எடுக்கும் ஹெச்பிவி மாதிரி: நம்பலாமா, வலிக்குமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இப்போது ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் முன்னால் படுக்காமல், ஒரு ஸ்வாப் குச்சியை வைத்து யோனியிலிருந்து நாமே மாதிரி எடுத்து லேபுக்குக் கொடுக்கிறோமே, அது சரிவருமா என்று கேட்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

“டாக்டர் எடுத்தால்தானே சரியாக இருக்கும்? கர்ப்பப்பை வாய் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நான் பாத்ரூமில் நின்று எடுப்பதை எப்படி நம்புவது?” (வயது 41, பெரம்பூர்)

நீங்கள் கர்ப்பப்பை வாயைத் தேடிக் கண்டுபிடிக்கவே வேண்டாம். இந்தக் குழப்பம் பாப் ஸ்மியரால் வந்தது. பாப் ஸ்மியரில் செல்லின் உருவம் மாறியிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதற்குக் கர்ப்பப்பை வாயிலிருந்தே செல்களைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். ஹெச்பிவி பரிசோதனை தேடுவது வைரஸின் டிஎன்ஏவை. கர்ப்பப்பை வாயிலிருந்து உதிரும் செல்கள் சளியோடு சேர்ந்து யோனிக்கு இறங்கி வந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து ஸ்வாபில் ஒட்டுவது கொஞ்சமாக இருந்தாலும், பிசிஆர் முறை அந்தக் கொஞ்சத்தையே பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும்.

2018-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலையைக் கண்டுபிடிப்பதில், பிசிஆர் முறையில் பார்த்தால், பெண்கள் தாங்களே எடுத்த மாதிரியும் டாக்டர் எடுத்த மாதிரியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. பிசிஆர் அல்லாத வேறு வகைப் பரிசோதனைகளில் மட்டும் நாமே எடுத்த மாதிரி பின்தங்கியது. அதனால் லேபில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள். இது பிசிஆர் முறையா? இந்தக் கிட், நாமே எடுக்கும் மாதிரிக்கென்று சரிபார்க்கப்பட்டதா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு லேப் பாருங்கள்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பெரும்பாலான நல்ல பரிசோதனைகளில் வைரஸோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுவார்கள். ஸ்வாபில் உங்கள் செல் போதுமான அளவு இல்லையென்றால் அது தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் ‘இன்வேலிட்’ என்று வரும். அதை நெகட்டிவ் என்று நினைத்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். இன்னொரு முறை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இந்த முறை ஏற்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து பரிசோதனைக்கு வரும் எல்லாப் பெண்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

“ஐந்து வருடத்துக்கு முன் பாப் ஸ்மியர் எடுத்தார்கள். வலியைவிடக் கூச்சம் தாங்க முடியவில்லை. அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. இதிலும் அப்படித்தான் இருக்குமா?” (வயது 36, வேளச்சேரி)

இல்லை. ஆனால் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கூச்சத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ‘கொஞ்சம் லூஸா விடுங்கம்மா’ என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நானே அந்த டேபிளில் படுத்தபோதுதான் தெரிந்தது, யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியின் சில்லிப்பு பட்டதும் தொடை தானாக இறுகிவிடுகிறது, லூஸாக விடுவது நம் கையில் இல்லை. இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கி உயிரை விட்ட காலத்தில், அவர்களுக்கென்றே 1885-ல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் தொடங்கியதுதான் நம் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு அது இன்றும் கோஷா, அதாவது பர்தா அணியும் பெண்களின், ஆஸ்பத்திரிதான். கூச்சப்படும் பெண்ணைத் திட்டாமல் அவளுக்கு ஏற்ற வழியைத் தேடியவர் அந்த அம்மா. இந்த ஸ்வாபையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். பீரியட்ஸ் முழுதாக நின்ற பிறகு ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம், உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைத் தூக்கிப் பாத்ரூம் ஸ்டூல் மேல் வைத்துக்கொள்ளலாம், அரைக் குந்தலில் நிற்கலாம், கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுத்தும் எடுக்கலாம். ஸ்வாபின் நுனியைத் தொடாமல் பேனா மாதிரி பிடித்து, ஒரு கையால் இதழ்களை விலக்கி, நேர்மேலே குத்தாமல் முதுகின் அடிப்பக்கம் பார்த்துச் சாய்த்து மெதுவாக உள்ளே விடுங்கள். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு நீளம், சுமார் 5 சென்டிமீட்டர் போனால் போதும். இருபது, முப்பது விநாடி சுற்றுங்கள். லேசாகக் கூசும், அவ்வளவே. வெளியே எடுத்துக் குழாய்க்குள் விட்டு, குச்சியில் கோடு இருந்தால் அந்த இடத்தில் ஒடித்து, மூடியை இறுக்கி, பெயரும் தேதியும் எழுதுங்கள். சில கிட்டில் குழாய்க்குள் திரவம் இருக்கும், அதைக் கொட்டிவிடக் கூடாது. கிட்டுக்குக் கிட் கொஞ்சம் மாறும். உள்ளே இருக்கும் தாளில் சொன்னபடி செய்யுங்கள்.

குச்சி வயிற்றுக்குள் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். யோனி கர்ப்பப்பை வாயோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் போக வழியில்லை. துளி ரத்தக் கறை பட்டாலும் பதற வேண்டாம். குச்சி கீழே விழுந்துவிட்டால் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் தாங்களாகச் செய்யாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“மாதவிலக்கு நின்று ஆறு வருடம். உள்ளே வறட்சி. தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு எடுக்கலாமா?” (வயது 58, மயிலாப்பூர்)

எண்ணெய் வேண்டாம் அம்மா. எண்ணெயும் ஜெல்லும் பரிசோதனையைக் கெடுக்கலாம். அவசரப்படாமல், மூச்சை மெல்ல வெளியே விட்டபடி எடுத்துப் பாருங்கள். எரிச்சல் தாங்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். டாக்டர் சில வாரத்துக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொடுப்பார், அப்புறம் எடுக்கலாம்.

மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் இந்தக் கிட் உங்களுக்கு இல்லை, நேராக டாக்டரிடம் போங்கள். உடலுறவுக்குப் பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் உள்ள எந்த வயதுப் பெண்ணுக்கும் இதுவே பதில். இது அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை.

“ரிசல்ட்டில் ஹெச்பிவி 16 பாசிட்டிவ். மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கேன்சரா? என் கணவருக்கு வேறு தொடர்பு இருக்கிறதா?” (வயது 38, போரூர்)

பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், கேன்சர் என்று அர்த்தம் இல்லை. தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒரு முறை ஹெச்பிவி தொற்றியிருக்கும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கினாலும், புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும்.

கணவரைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத் தலைகாட்டும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். இந்தக் காகிதத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். ஆண்களுக்கென்று இதற்கு வழக்கமான பரிசோதனையும் கிடையாது.

ஆனால் ஹெச்பிவியின் பல வகைகளில் 16 என்ற எண்ணுள்ள வகையை அப்படியே விடக் கூடாது. 16, 18 இரண்டும் சேர்ந்து சுமார் 70 சதவீதக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். நீங்கள் எடுத்த மாதிரியில் செல்லின் உருவத்தைப் பார்க்க முடியாது, அதனால் அடுத்த படிக்கு டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். கால்போஸ்கோபி செய்வார்கள். வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவி, லென்ஸ் வழியாகப் பார்ப்பார்கள். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். முந்தைய நிலை என்று தெரிந்தால், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும் சிகிச்சையிலேயே சரிசெய்துவிடலாம். மூன்று வாரம் தாமதமானதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. மூன்று வருடம் ஆகவிடாதீர்கள். இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அக்காவோ, தோழியோ, யாராவது ஒருவரிடம் சொல்லிக் கூட அழைத்துப் போங்கள்.

“ஹெச்பிவி தடுப்பூசி போட்டிருக்கிறேன். இன்னும் இது வேண்டுமா?” (வயது 29, தாம்பரம்)

வேண்டும். தடுப்பூசி எல்லா வகை ஹெச்பிவியையும் தடுக்காது. 30 வயதிலிருந்து தொடங்கி, நெகட்டிவ் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும். எச்ஐவி உள்ளவர்கள் மட்டும் 25-லேயே தொடங்கி, இன்னும் குறைந்த இடைவெளியில் எடுக்க வேண்டும்.

“காலையில் எடுத்து, மாலை ஆபீஸ் முடிந்து லேபில் கொடுக்கலாமா? வண்டியிலேயே இருந்தால் கெட்டுவிடுமா?” (வயது 34, சோழிங்கநல்லூர்)

கொடுக்கலாம். வைரஸ் டிஎன்ஏ அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள், கிட் தாங்கும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கைப்பையில் வைத்து ஆபீசுக்குள் கொண்டுபோங்கள்.

“எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு 45 வயது. எதுவுமே எடுத்ததில்லை. கிட் வாங்கிக் கொடுக்கலாமா?” (வயது 47, அண்ணா நகர்)

கேட்டதற்கே நன்றி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குள் ஒரு முறையாவது ஏதாவது ஒரு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலத்தின் கணக்கு இது.

அவர் சம்மதித்தால் வாங்கிக் கொடுங்கள், எப்படி எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். செலவு இடித்தால், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில் அந்த எளிய முறையே, 2007-ல் வெளியான முடிவின்படி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்களைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

எதுவானாலும், பாசிட்டிவ் வந்தால் அவர் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லையே. இரண்டு கிட்டாக வாங்குங்கள்.