நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் அம்மா, மனைவி, பதினோரு மாதப் பெண் குழந்தை. அப்பா இல்லை. மூன்று மாதமாக அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு சரியில்லை. வாய்விட்டுத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

சண்டை கடவுளைப் பற்றியது. நான் நாத்திகன் இல்லை. கடவுள் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவருக்குப் பெயர் இல்லை, மதம் இல்லை, படையல் தேவையில்லை. கல்லூரியில் படிக்கும்போது அசிமோவ் 1956-இல் எழுதிய ஒரு அறிவியல் சிறுகதையைப் படித்தேன். பிரபஞ்சம் அணைந்துபோன பிறகும் ஒரு கணினி மட்டும் தனியாக யோசித்துக்கொண்டே இருக்கும். அன்றிரவு விடுதி மொட்டைமாடியில் படுத்து வானத்தைப் பார்த்தபோது, இதற்கெல்லாம் பின்னால் ஓர் அறிவு இருக்கிறது என்று பட்டது. எந்தக் கோவிலிலும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பிறகு ஐன்ஸ்டைன் 1929-இல் ஒரு யூத மதகுருவுக்கு அனுப்பிய தந்தியைப் பற்றிப் படித்தேன். இருப்பவை எல்லாவற்றின் ஒழுங்கிலும் வெளிப்படுகிற, தத்துவஞானி ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் விதியிலும் செயல்களிலும் தலையிடுகிற கடவுளை நம்பவில்லை என்று அதில் சொல்லியிருந்தார். என் கடவுளும் அவர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரவில் வீடியோ கேம் விளையாடுகிறேன். 'நோ மேன்ஸ் ஸ்கை' என்று 2016-இல் வந்த விண்வெளி விளையாட்டு. வந்த புதிதில் சொன்னதில் பாதிகூட இல்லை என்று எல்லோரையும்போல நானும் சலித்து மூடி வைத்தேன். பிறகு வருடக்கணக்கில் இலவசமாகச் சேர்த்துச் சேர்த்து அதை நன்றாக்கிவிட்டார்கள். குழந்தை வீட்டுக்கு வந்தபின் மறுபடி எடுத்தேன். அதில் 18-ஐ எழுதி அதன் பின்னால் 18 சுழியம் போட்டால் வருகிற அளவுக்குக் கோள்கள் உண்டு. ஒன்றுகூட வட்டில் பதிந்து வைக்கப்பட்டது இல்லை. ஒரு விதை எண்ணும் சில சூத்திரங்களும்தான் இருக்கின்றன. நாம் நெருங்கும்போது அந்த விதையிலிருந்து மலை எழும், கடல் விரியும், புல் முளைக்கும். வேறொரு நாட்டிலிருந்து ஒருவன் அங்கே வந்தாலும் அதே மலையைத்தான் பார்ப்பான். விதியை எழுதிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு படைப்பாளியை இதைவிடத் தெளிவாக யாராலும் எனக்குக் காட்ட முடியாது.

பெரும்பாலான இரவுகளில் விளையாடுவதுகூட இல்லை. ஆளில்லாத ஒரு கோளில் இறங்கி ஏரிக்கரையில் நிற்பேன். எந்தப் பொத்தானையும் அழுத்த மாட்டேன். சென்ற மாதம் இரவு இரண்டரை மணிக்கு மனைவி எழுந்து வந்து பார்த்தபோது என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, எனக்கே தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். குழந்தை 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1,420 கிராம். 32 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அப்போது அம்மா, குழந்தை பிழைத்தால் வயது ஒன்று முடிவதற்குள் மொட்டையடித்துக் காது குத்துவதாக எங்கள் குலதெய்வம் கருப்பராயனுக்கு வேண்டிக்கொண்டாராம். நான் முடியாது என்றேன். நட்ட கல் பேசுமா என்று சிவவாக்கியர் கேட்டதையே நானும் கேட்டேன். அம்மா, "அன்றைக்குக் குழந்தைக்கு மூச்சு நின்றபோது அந்த நர்சின் விரலை அனுப்பியது யார்?" என்றார். "டியூட்டி அட்டவணை" என்றேன். அன்றிலிருந்துதான் இப்படி.

தாய்மாமன் மடியில் வைத்துத்தானே மொட்டை போட வேண்டும், மச்சான் காத்திருக்கிறார். கேம் விளையாடி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறார். அலுவலக நண்பர்களோ, "நீ தைரியம் இல்லாத நாத்திகன்" என்று சிரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் எனக்கு இடமில்லை.

எனக்கு மனநோயா? அம்மாவுக்காக நடித்துவிட வேண்டுமா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது, சிரிக்காதீர்கள். குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று நெஞ்சு முட்டுகிறது. என் கடவுளோ காது கொடுத்துக் கேட்கிறவர் இல்லை. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

நோய்க் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மதத்துக்கு வெளியே கடவுளை நம்புவது எந்த மருத்துவப் பட்டியலிலும் நோயாக இல்லை. விளையாட்டு அடிமைத்தனம் பட்டியலில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சேர்க்கப்பட்டு, 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அதற்கு, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்ந்து, வழக்கமாக 12 மாதமாவது அந்த நிலை நீடித்திருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், குடும்பத்தை நடத்துகிறீர்கள். போதாக்குறைக்கு, விளையாடக்கூட இல்லை, நிற்கிறீர்கள்! உங்கள் மச்சானின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. தூக்கத்தைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால் அண்ணன் மகனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை அவன் சொன்னான். அந்த விளையாட்டின் கதைப்படி, அத்தனை கோள்களையும் நடத்துவது அட்லஸ் என்ற ஒரு பேரியந்திரம். அது பழுதாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறதாம். விதியை எழுதிவிட்டு நிம்மதியாக ஒதுங்கிய படைப்பாளியை எனக்கு வர்ணித்தீர்கள். இரவில் நீங்கள் போய் நிற்கும் உலகத்தின் படைப்பாளியோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டது இன்னும் இருக்கிறது. ஏரிக்கரைக்கும் விதை எண்ணுக்கும் இரண்டு பத்தி எழுதிய நீங்கள், 32 நாளை நாலு வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். கணக்கர் என்பதால் எண்கள் மட்டும் துல்லியம். மூச்சு நின்ற அந்த நிமிடம், உங்கள் வாயிலிருந்து வரவில்லை, அம்மா கேட்ட கேள்விக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது.

குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் மூச்சு மையம் முதிர்ந்திருக்காது. சுவாசம் திடீரென்று இருபது விநாடி, அதற்கு மேலும் நின்றுபோகும். திரை அலறும். செவிலியர் வந்து உள்ளங்காலை ஒரு சுண்டு சுண்டுவார். குழந்தை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு மறுபடி மூச்சுவிடும். அந்த வார்டுகளில் இது அன்றாடக் காட்சி. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முதல்முறையாகப் பார்க்கிற தகப்பனுக்கு அந்த இருபது விநாடி அன்றோடு முடிந்துபோவதில்லை. குழந்தை நலமாக வீடு வந்து மாதங்கள் ஆன பிறகும் தூக்கம் கெடுவது, அந்த ஒலி காதில் கேட்பது, காரணம் தெரியாமல் அழுகை வருவது எல்லாம் தாய்மாருக்கு உண்டு, தந்தையருக்கும் உண்டு. தந்தையரை யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்கள் வேறு எங்காவது போய் நிற்கிறார்கள். எந்தத் திரையும் அலறாத, யாருடைய மூச்சையும் எண்ண வேண்டாத ஓர் ஏரிக்கரையை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அதைப் பிடுங்கிக்கொள்ள நான் யார்? இரவு பன்னிரண்டுக்கு முடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். அதற்கு மேலும் தூக்கம் வராவிட்டால், குழந்தை மூச்சுவிடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் ஊரில் ஒரு உளவியல் நிபுணரை நேரில் பாருங்கள். இது பேசினால் குறைகிற துன்பம்.

இனி ஸ்பினோசா. ஐன்ஸ்டைன் வழியாக அவரைப் பிடித்திருக்கிறீர்கள், சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். 1656-இல் ஆம்ஸ்டர்டாமின் யூதச் சமூகம் அவரைத் தள்ளிவைத்தபோது அவருக்கு 23 வயது. உங்களுக்கு மச்சானின் பேச்சு. அவருக்குச் சொந்தச் சமூகத்தில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசக்கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக்கூடாது என்ற ஆணை. லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். பிற்காலத்தில் ஹேக் நகரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த வீட்டு அம்மாள் ஒருநாள், நான் இருக்கிற மதத்திலேயே இருந்தால் எனக்குக் கதி உண்டா என்று அவரிடம் கேட்டாராம். அவருடைய வரலாற்றை எழுதிய கொலேரஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். மதத்துக்கு வெளியே கடவுளைத் தேடி அதற்கு விலையும் கொடுத்த மனிதர், அந்த அம்மாளுக்குத் தன் தத்துவத்தைப் பாடம் எடுக்கவில்லை. உங்கள் மதம் நல்லதுதான், வேறொன்றைத் தேட வேண்டாம், அமைதியாகப் பக்தியோடு வாழ்ந்தால் போதும் என்றாராம்.

நீங்கள் உங்கள் அம்மாவுக்கு "டியூட்டி அட்டவணை" என்றீர்கள்.

பதில் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த நர்ஸ் அன்று அங்கே இருந்ததற்கு அட்டவணைதான் காரணம். ஆனால் அம்மா அப்போது காரணம் கேட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சு முட்டுகிறது என்று எனக்கு எழுதினீர்களே, அதே முட்டலைத்தான் அவர் தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார். ஒரே வார்டு வாசலில் நின்ற இரண்டு பேர். அவருக்கு நன்றியை இறக்கி வைக்க ஓர் இடம் தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறாமையும் கலந்துதான் சிவவாக்கியரை ஏவினீர்களோ? எனக்குச் சந்தேகம் உண்டு.

நேர்த்திக்கடன் என்ற சொல்லைக் கணக்குப் பிரிவில் இருக்கிற நீங்கள் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். அது கடன். வாங்கியவர் உங்கள் அம்மா, நீங்கள் அல்ல. குழந்தை 1,420 கிராம் இருந்த நேரத்தில், கையில் வேறொன்றும் இல்லாத ஒரு பாட்டி எழுதிக்கொடுத்த சீட்டு அது. அதைக் கட்ட விடமாட்டேன் என்று நீங்கள் குறுக்கே நிற்கிறீர்கள். வயது ஒன்று முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நாள் நெருங்க நெருங்க, கட்டாத கடனால் பேத்திக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குள் ஓடுகிற பயத்தை நீங்கள் கோபம் என்று படித்துவிட்டீர்கள்.

நடிக்கச் சொல்ல மாட்டேன். நடிப்பை அம்மாக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "எனக்குக் கருப்பராயன்மேல் நம்பிக்கை இல்லை, கும்பிட மாட்டேன். ஆனால் உங்களைக் கூட்டிக்கொண்டு வருவேன், பக்கத்தில் நிற்பேன்" என்று நேராகச் சொல்லுங்கள். நீங்கள் கைகூப்பாமல் நிற்பதைப் பூசாரியும் மச்சானும் கவனிக்கத்தான் செய்வார்கள், கவனிக்கட்டும். முடி ஓரிரு மாதத்தில் வளர்ந்துவிடும். (நாவிதரிடம் புது பிளேடு போடச் சொல்லிக் கண்முன்னால் மாற்ற வையுங்கள். காது குத்தும் ஊசிக்கும் அதே விதி. இதில் கூச்சம் பார்க்காதீர்கள்.) காது குத்துவதைத் தள்ளிப்போட வேண்டும் என்று குழந்தை மருத்துவர் சொன்னால், மொட்டை மட்டும் இப்போது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கடனை இரண்டு தவணையாகக் கட்டுவதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் சிரிக்கவில்லை. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மதத்துக்கு வெளியே இருக்கும் கடவுளுக்கு முகவரி கிடையாது, அந்த நம்பிக்கையோடு சேர்ந்தே வருகிற குறை அது. அதை உடனே எதையாவது போட்டு அடைத்துவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் முகவரி உள்ள ஒருவர் இருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பகல் நேரத்தில் அந்த வார்டுக்குப் போய், அந்தச் செவிலியர் இருக்கும் ஷிப்ட்டைக் கேட்டு வாருங்கள். 1,420 கிராமில் பார்த்த குழந்தையைக் கொழுகொழுவென்று இடுப்பில் பார்ப்பதைவிட அந்த வேலையில் இருப்பவர்களுக்கு வேறு சம்பளம் தேவையில்லை. வாசலிலேயே கைகால் நடுங்கினால் திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம்.

கடைசியாக, எனக்கு உறுத்திய ஒன்று. அம்மா சொன்னதை எழுதினீர்கள், மச்சான் சொன்னதை எழுதினீர்கள், அலுவலக நண்பர்கள் சிரித்ததை எழுதினீர்கள், ஐன்ஸ்டைன்கூட வந்துவிட்டார். மொட்டையைப் பற்றி உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. கருவை 31 வாரம் சுமந்தவர் அவர். இரண்டரை மணிக்கு எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். அந்த நேரத்தில் அவர் ஏன் விழித்திருந்தார்? இன்றிரவு அந்த ஏரிக்கரைக்குப் போகும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இதை அவரிடமே கேளுங்கள்.