வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தால் செக்கப் நாள் வரை பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு இது 34-வது வாரம், முதல் குழந்தை. நேற்று மாலையிலிருந்து அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. மாசம் ஏற ஏற வயிற்றில் இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும் என்கிறார் மாமியார். வீட்டில் வாங்கி வைத்திருக்கும் டாப்ளர் கருவியில் இதயத் துடிப்பு கேட்கிறது. நாளை மறுநாள் செக்கப், அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். நீங்கள் காட்டும் மருத்துவமனைக்கு இப்போதே போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள், ராத்திரியாக இருந்தாலும் சரி. மீதியைப் போகிற வழியில் படிக்கலாம்.

இடம் போதாமல் அசைவு குறையும் என்பதைப் பல வீடுகளில் சொல்கிறார்கள், அது சரியில்லை. 32 வாரம் வரை அசைவு கூடிக்கொண்டே போகும், அப்புறம் ஏறக்குறைய அதே அளவில் பிரசவம் வரை இருக்கும். மாறுவது அசைவின் விதம்தான்: வெடுக்கென்று விழுந்த உதை போய், விலா எலும்புக்குக் கீழே குதிகால் மாதிரி ஏதோ ஒன்று மெல்லத் தள்ளிக்கொண்டு நகர்வதும், வயிறே ஒரு பக்கமாகக் கோணிக்கொள்வதும் அதிகமாகும்.

டாப்ளரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதில் கேட்பது உங்கள் ரத்த ஓட்டமாகவே இருக்கலாம். குழந்தையின் துடிப்பாகவே இருந்தாலும், சிரமத்தில் இருக்கும் குழந்தைக்கும் இதயம் துடிக்கத்தான் செய்யும். நஞ்சுக்கொடி வழியாகப் போகிற ஆக்சிஜன் குறையும்போது, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிப்பதற்காகக் குழந்தை கைகால் ஆட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் அசைவை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறோம்.

அங்கே போனதும் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சிடிஜி சோதனை எடுப்பார்கள். குழந்தை அசையும்போது இதயத் துடிப்பு கூடுகிறதா என்று அதில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேனும் இருக்கும். ஒருமுறை அசைவு குறைந்ததாக வருகிற பெண்களில் பெரும்பாலோருக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும், ஆனால் அது பார்த்த பிறகுதான் தெரியும்.

குறைந்ததா இல்லையா என்று குழப்பமாக இருக்கும் மற்றவர்களுக்கு: 28 வாரத்துக்கு மேல் என்றால் போனை ஒதுக்கிவிட்டு, இடது பக்கமாகப் படுத்து, வயிற்றில் கை வைத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். குழந்தை தூங்குவது பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். உதை, புரளல், நெளிதல் எல்லாம் கணக்கில் சேரும், விக்கல் சேராது. 10 அசைவு வரவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள். 10 வந்தும், வழக்கமாக உங்கள் குழந்தை ஆடும் ஆட்டம் இல்லை என்று மனதில் பட்டாலும் கூப்பிடுங்கள், ஏனென்றால் எண்ணிக்கையைவிட உங்கள் குழந்தையின் வழக்கம்தான் முக்கியம். குறைந்தது நிச்சயமாகத் தெரிகிறவர்கள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். ஜில்லென்று தண்ணீரோ இனிப்போ சாப்பிட்டுப் பார்த்து நேரம் போக்கவும் வேண்டாம்.

24 வாரம் ஆகியும் அசைவே தெரியாதவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் அசைவு தாமதமாகத் தெரியலாம், ஆனால் அதுதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

உங்களுக்கு இன்று எல்லாம் சரி என்று அனுப்பி, அடுத்த வாரம் மறுபடியும் குறைந்தால், மறுபடியும் போங்கள். திரும்பத் திரும்பக் குறைவதை மருத்துவர்கள் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். கடைசியாக நன்றாக அசைந்தது எப்போது, எப்போதிலிருந்து குறைந்தது, இந்த இரண்டையும் போனவுடனே சொல்லிவிடுங்கள்.